நஞ்சும் வைட்டமினும் சந்திக்கும் இடம்

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970-களின் நடுவில் தொடங்கி, 1990-களின் நடுவில் மூடப்பட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புகளை அது தயாரித்தது. ஆலை போயிற்று, கழிவு போகவில்லை. ஒன்றரை லட்சம் டன் என்றும் இரண்டேகால் லட்சம் டன் என்றும் மதிப்பிடப்பட்ட குரோமியக் கழிவு திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. மழைக்கு மழை அது கரைந்து இறங்கி நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. 2006-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. அதே ஆண்டில், ராணிப்பேட்டையிலிருந்து சாலை வழியே இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்திலிருந்து ஓர் ஆய்வு முடிவு வெளிவந்தது. குரோமியம் கலந்த தண்ணீரைக் குடித்த குரங்குகளுக்கு ஏற்பட்ட பாதிப்பை வைட்டமின் சி தடுத்தது என்றது அது. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படிப்பவர் மனதில் ஒரு கேள்வி எழுவது இயல்பு: அப்படியானால் கருவிலுள்ள குழந்தைகளைக் காக்க அந்த ஊர்த் தாய்மார்களுக்கு வைட்டமின் மாத்திரை கொடுத்தால் போதாதா? போதாது என்பதே என் முடிவு. ஆனால் அந்த ஆய்வுகள் வீண் என்பதல்ல காரணம். அவற்றை ஊன்றிப் படித்தால் அவையே வேறொரு வழியைக் காட்டுகின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தோல் பதனிடும் ஆலையில் பயன்படும் குரோமியமும் ராணிப்பேட்டைக் குவியலில் உள்ள நச்சுக் குரோமியமும் ஒரே தனிமத்தின் இரு வடிவங்கள். ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிர் நீக்கி, அமிலத்தில் பதப்படுத்திய தோலைச் சுழலும் மரப்பீப்பாய்க்குள் போட்டுச் சேர்க்கும் உப்பு பேசிக் குரோமியம் சல்பேட். இதில் இருப்பது குரோமியம்-3. அது கொலாஜன் இழைகளைப் பிணைக்க, தோல் வெளிர்நீல நிறத்தில் 'வெட் புளூ' ஆக வெளியே வருகிறது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறிய வேலை ஒரு நாளில் முடிந்ததால்தான் குரோமியம் இந்தத் தொழிலைக் கைப்பற்றியது. குரோமியம்-3 உயிரணுக்களுக்குள் எளிதில் நுழையாது. ஆனால் அந்த உப்பைத் தயாரிக்கக் குரோமியத் தாதுவைச் சுட்டு முதலில் குரோமேட் ஆக்க வேண்டும், அதுதான் குரோமியம்-6. தண்ணீரில் நன்றாகக் கரையும், மஞ்சளாகத் தெரியும். அதன் உருவம் சல்பேட் அயனியைப் போலவே இருப்பதால், சல்பேட்டுக்கென்று உயிரணு திறந்து வைத்திருக்கும் வாசல் வழியே தடையின்றி உள்ளே போய்விடும். நச்சுக்கொடியையும் தாண்டும், தாய்ப்பாலிலும் இறங்கும். தோல் ஆலைகளின் கழிவுநீரில் பெரும்பாலும் இருப்பது குரோமியம்-3. குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து கசிவது குரோமியம்-6. இரண்டும் கேடுதான். கருவைப் பற்றிய கவலைக்கு முதற் காரணம் பின்னது.

அந்தக் கவலைக்கு ஆதாரம் நம் நாட்டு ஆய்வகங்களிலிருந்தே வந்தது. லக்னோவிலுள்ள தொழில்சார் நச்சியல் ஆய்வு மையத்தில் 1980-களின் இறுதியிலும் 90-களிலும் கருவுற்ற சுண்டெலிகளுக்குப் பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். உறுப்புகள் உருவாகும் நாட்களில், பத்து லட்சத்துக்கு 250, 500, 750 பங்கு என்ற அளவுகளில் கொடுத்தபோது கருக்கள் கருப்பையிலேயே கரைந்தன, குட்டிகளின் எடை குறைந்தது, மண்டையோட்டு எலும்புகள் சரியாக இறுகவில்லை. மிகுந்த அளவில் மணிக்கட்டு தொங்கிய குட்டிகளும் தோலுக்கடியில் இரத்தக் கசிவுள்ள குட்டிகளும் பிறந்தன. தரமணியில் மைக்கேல் அருள்தாஸ் குழு வேறு முனையிலிருந்து தொடங்கியது. நம் கோயில் வாசல்களில் காணும் நாட்டுக் குரங்குகளுக்கு ஆறு மாதம் குரோமியம் கலந்த நீரைக் கொடுத்து, மாதாமாதம் விந்தணுக்களைச் சோதித்தார்கள். எண்ணிக்கை குறைந்தது, நீந்தும் வேகம் குறைந்தது, ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடியது. கூடவே லிட்டருக்கு 0.5, 1, 2 கிராம் என்று வைட்டமின் சி கொடுத்தபோது அந்த அழுத்தம் உண்டாகவில்லை. குரோமியத்தை நிறுத்திய ஆறு மாதத்தில் எல்லாமே பழைய நிலைக்குத் திரும்பின என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இந்த இரண்டாவது முடிவை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. என் கண்ணுக்கு அதுவே பெரிய செய்தி.

2008-ல் சகிலா பானுவும் அருள்தாஸ் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் வெளியிட்ட எலி ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. குட்டி ஈன்ற எலிகளுக்கு 21 நாள், லிட்டருக்கு 200 மில்லிகிராம் பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். குட்டிகளுக்கு நேரடியாக எதுவும் தரவில்லை, தாய்ப்பால் மட்டுமே. அந்தப் பெண் குட்டிகளின் சினைப்பையில் முட்டைப்பைகள் குறைந்தன, பூப்பு தள்ளிப்போனது, இனப்பெருக்கச் சுழற்சி நீண்டது. தாய்க்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி சேர்த்துக் கொடுத்த குழுவில் குட்டிகள் காக்கப்பட்டன. பால் குடிக்கும் பருவத்தில் நடந்ததைப் பிறவிக் குறைபாட்டோடு சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். சேர்க்கத்தான் வேண்டும். எலியின் சினைப்பையில் ஆதி முட்டைப்பைகள் அமைவது பிறந்த முதல் சில நாட்களில். மனிதப் பெண்ணுக்கோ அது தாயின் வயிற்றில் இருக்கும்போதே, கர்ப்பத்தின் நடுப்பகுதியில் தொடங்கிவிடுகிறது. ஆகவே எலிக்குட்டியின் பால்குடிப் பருவத்தில் நடந்த சேதத்துக்கு இணையான காலம் மனிதருக்குக் கருப்பையிலேயே வந்து போகிறது. பிறக்கும்போது கையும் காலும் முகமும் குறையின்றித் தெரியும், குறை பதினைந்து ஆண்டு கழித்து வெளிப்படும்.

இனி, 'வைட்டமின் காத்தது' என்பதற்கு என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். இங்கே மருந்துகளின் வரலாறு கைகொடுக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லி ஆய்வகம் 1940-களில் ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. அதே ஆய்வகம் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்ஸேட் ஆகிய மருந்துகளையும் தந்தது. வேகமாகப் பெருகும் புற்றணுவுக்கு ஃபோலேட் கிடைக்காமல் செய்வதே அவற்றின் உத்தி. வேகமாகப் பெருகும் இன்னொன்று கரு. அமினோப்டெரினைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்திய 1950-களின் முயற்சிகளில், கலையாமல் தப்பிய சில கருக்கள் கடும் குறைபாடுகளோடு இருந்தது தெரியவந்தது. பின்னாளில் முயல்களில் செய்த சோதனைகளில், மெத்தோட்ரெக்ஸேட்டால் வரும் மூட்டு, கால் குறைபாடுகளை லியூகோவோரின் எனப்படும் ஃபோலினிக் அமிலம் குறைத்தது. இங்கே காரணம் துல்லியமாகத் தெரியும். மெத்தோட்ரெக்ஸேட் முதன்மையாக ஒரு நொதியை முடக்குகிறது. சாதாரண ஃபோலிக் அமிலம் அந்த நொதி வழியே போயாக வேண்டும், ஆகவே அது அவ்வளவாக உதவாது. ஃபோலினிக் அமிலம் அந்த நொதியைத் தாண்டிய இடத்தில் வந்து சேர்கிறது, ஆகவே உதவுகிறது. நஞ்சு அடைக்கும் இடம் எது, வைட்டமின் நுழையும் இடம் எது என்று தெரிந்தால் மட்டுமே, காக்குமா காக்காதா என்று முன்கூட்டியே சொல்ல முடியும்.

வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட் இதற்கு நேர்மாறான பாடம். 1982-ல் பிரான்சின் லியோன் நகரிலிருந்து, இந்த மருந்து உட்கொண்ட தாய்மாருக்குத் தண்டுவடம் மூடாத குழந்தைகள் பிறப்பதாக எச்சரிக்கை வந்தது. சுண்டெலிகளில் ஃபோலினிக் அமிலம் இந்தக் குறையைக் குறைத்ததாக 1980-களில் ஜெர்மனியில் ஹைன்ஸ் நாவ் குழு காட்டியது. அதைத் திரும்பச் செய்த மற்றவர்களில் சிலருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மனிதரிடம் பார்த்தால், பிரிட்டனின் வலிப்பு-கர்ப்பப் பதிவேட்டை ஆராய்ந்து 2009-ல் வெளியான அறிக்கையில், ஃபோலிக் அமிலம் எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்குக் குறைபாடுகள் குறைந்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும், வலிப்பு மருந்து எதுவும் எடுக்காத, ஏற்கெனவே தண்டுவடக் குறையோடு குழந்தை பெற்ற பெண்களுக்குத் தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் மீண்டும் அக்குறை வராமல் 72 சதவீதம் தடுத்தது என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் 1991 சோதனை ஐயமற நிறுவியிருந்தது. அதே வைட்டமின், அதே குறை, ஆனால் பலன் வேறு. ஏனெனில் வால்ப்ரோயேட் ஃபோலேட் பாதையை மட்டும் தொடுவதில்லை. மரபணுக்கள் திறந்து மூடுவதை ஒழுங்குபடுத்தும் நொதிகளையும் அது முடக்குகிறது. அந்த இடத்தில் ஃபோலேட்டுக்கு வேலையே இல்லை. அதனால்தான் இன்று மருத்துவர்கள் ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்தாலும் அதை நம்பி இருந்துவிடுவதில்லை. கருத்தரிக்கும் முன்பே வேறு மருந்துக்கு மாற்றப் பார்க்கிறார்கள். (மருந்தைத் தானாக நிறுத்துவது வலிப்பை அழைத்து வந்து தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகும். மாற்றம் மருத்துவர் கையால்தான் நடக்க வேண்டும்.)

இந்த அளவுகோலோடு குரோமியத்துக்குத் திரும்புவோம். வைட்டமின் சி ஓர் ஒடுக்கி, எலக்ட்ரான் கொடுக்கும் பொருள். குரோமியம்-6 எலக்ட்ரானுக்கு ஏங்கும் பொருள். இரண்டும் சந்தித்தால் குரோமியம்-6 குரோமியம்-3 ஆகிவிடும். ஒரு கிராம் குரோமியம்-6-ஐ மாற்றச் சுமார் ஐந்து கிராம் வைட்டமின் சி போதும். எலி ஆய்வின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 200 மில்லிகிராம் டைகுரோமேட் என்றால் அதில் குரோமியம் ஏறத்தாழ 70 மில்லிகிராம். பாலூட்டும் எலி நாளொன்றுக்கு 50 மில்லி குடித்தால் உள்ளே போகும் குரோமியம் மூன்றரை மில்லிகிராம். அதை மாற்றப் பதினெட்டு மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. கால் கிலோ எடையுள்ள எலிக்குக் கிடைத்ததோ 125 மில்லிகிராம், தேவையைப் போல ஏழு மடங்கு. இரண்டும் வயிற்றில் சந்தித்திருந்தால், குரோமியத்தின் பெரும்பகுதி இரத்தத்தை எட்டும் முன்பே பல் பிடுங்கிய பாம்பாகியிருக்கும். குரங்கு ஆய்விலும் வைட்டமின் அளவு லிட்டர் கணக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. அது தண்ணீரோடு போனதென்றால், சந்திப்பு குரங்கு வாய் வைப்பதற்கு முன்பே நடந்திருக்கும். அப்படி நடந்த அளவுக்கு, அங்கே வைட்டமின் காத்தது விந்தணுவையோ முட்டைப்பையையோ அல்ல. அது தண்ணீரைச் சுத்தம் செய்திருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு. அதே 2008 ஆய்வில் எலியின் சினைப்பை உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து, முன்கூட்டியே வைட்டமின் சி கொடுத்து, பிறகு குரோமியம் சேர்த்தபோதும் பாதுகாப்பு கிடைத்தது. அங்கே வயிறும் இல்லை, குடிநீரும் இல்லை. ஆகவே உயிரணுவுக்குள்ளும் வைட்டமின் ஏதோ நன்மை செய்கிறது என்று சொல்ல இடமிருக்கிறது. அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு எதிர்ப்பக்கத்தில், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் அனடோலி ஜிட்கோவிச் குழு 2007-ல் வெளியிட்ட முடிவுகளை வைத்துப் பார்க்க வேண்டும். தட்டில் வளரும் உயிரணுக்களில் வைட்டமின் சி ஏறக்குறைய இருப்பதே இல்லை. உடலில் உள்ள அளவுக்கு அதை நிரப்பிய பிறகு குரோமியம்-6 கொடுத்தபோது, டிஎன்ஏ முறிவுகளும் மரபணு மாற்றங்களும் கூடின. உயிரணுவுக்குள் நடக்கும் அதே ஒடுக்கத்தில் விளையும் குரோமியம் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்வதுதான் காரணம். இரண்டு ஆய்வுகளும் அளந்தவை வேறு வேறு: ஒன்று ஹார்மோன் சுரப்பையும் உயிரணுச் சிதைவையும் பார்த்தது, மற்றது டிஎன்ஏவைப் பார்த்தது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். ஆனால் வேதிவினை ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். உயிரணுவுக்கு வெளியே நடந்தால் அது காப்பு, உள்ளே நடந்தால் காப்பும் கேடும் கலந்த நிலை. கருவைச் சுமக்கும் பெண்ணுக்கு அப்படிப்பட்ட ஐயத்தோடு ஒரு பொருளைப் பெரிய அளவில் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

அந்த அளவுதான் எவ்வளவு? எலிக்குத் தந்ததை உடற்பரப்புக் கணக்கில் மனிதருக்கு மாற்றினால், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு நாலரை கிராம் வருகிறது. 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் கர்ப்பிணிக்குப் பரிந்துரைத்தது 80 மில்லிகிராம். பெரியவர்களுக்கு உச்ச வரம்பாக அமெரிக்காவில் வகுத்திருப்பது 2 கிராம். அதற்கு மேல் வயிற்றுப்போக்கும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரும். இன்னொன்று, எலியும் சுண்டெலியும் வைட்டமின் சி-யைத் தம் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதருக்கும் குரங்குக்கும் அந்தத் திறன் இல்லை. தானே தயாரிக்கும் எலிக்கே குரோமியம் தீங்கு செய்திருக்கிறது என்றால், ஆம்பூர்ச் சந்தையில் வாங்கும் நெல்லிக்காயும் கொய்யாவும் அந்த வேலையைச் செய்துவிடும் என்று எண்ண முடியாது. அவற்றைக் கர்ப்பிணிகள் சாப்பிட வேண்டும்தான், இரத்தசோகை மலிந்த நாட்டில் இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி உதவும். அது குரோமியத்துக்கு மருந்து என்று சொல்லித் தரக்கூடாது, அவ்வளவே.

மறுமுனையிலிருந்து வரும் மறுப்பு தொழில் தரப்பினுடையது. லிட்டருக்கு 70 மில்லிகிராம் குரோமியத்தை யார் குடிக்கிறார்கள்? குடிநீரில் இந்தியத் தரநிர்ணய அமைப்பு அனுமதிக்கும் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம், எலி குடித்தது அதைப்போல 1,400 மடங்கு. இவ்வளவு பெரிய அளவில் வந்த தீங்கை வைத்து மக்களைப் பயமுறுத்தலாமா என்பது அவர்கள் கேள்வி. பத்து இருபது எலிகளில் ஒரு தீங்கைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அளவைக் கூட்டியே ஆக வேண்டும். ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வரும் குறையை இருபது எலிகள் ஒருபோதும் காட்டாது. மனித இரைப்பைச் சாறு சிறிதளவு குரோமியம்-6-ஐத் தானே மாற்றிவிடும் என்பது உண்மை. ஆனால் அது எல்லோர் வயிற்றிலும் எல்லா நேரமும் ஒரே அளவில் நடப்பதில்லை. வயிற்றைத் தாண்டித் தப்பிய பகுதி என்ன செய்யும் என்பதை, டைகுரோமேட் கலந்த நீரை இரண்டாண்டுகள் குடித்த எலிகளின் வாயிலும் சுண்டெலிகளின் சிறுகுடலிலும் புற்றுக்கட்டிகள் வந்ததாக 2008-ல் வெளியான அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தின் அறிக்கை காட்டிவிட்டது. மேலும், இதே மண்ணிலிருந்து எழுந்த வழக்கில், வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. தீங்கு முழுதாக நிரூபணமாகவில்லை என்பதைச் சாக்காக்கித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது, தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றது தீர்ப்பு. விலங்காய்வுகளை எடைபோட அதைவிடப் பொருத்தமான சட்ட அளவுகோல் இல்லை.

ஆக, எலியும் குரங்கும் சொன்னது இது: குரோமியம்-6 உயிரணுவுக்குள் நுழையும் முன்பே குரோமியம்-3 ஆகிவிட்டால் தாயும் சேயும் தப்புவார்கள். அந்த மாற்றத்துக்கு வைட்டமின் சி-தான் வேண்டும் என்பதில்லை. மாசுபட்ட மண்ணையும் நிலத்தடி நீரையும் மீட்கும் பொறியாளர்கள் ஃபெரஸ் சல்பேட்டை இட்டு இதே வினையை நடத்துகிறார்கள், வெல்லப்பாகு போன்ற கரிமப் பொருளைச் செலுத்தி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைக் கொண்டும் நடத்துகிறார்கள். அப்படி மாற்றிய பிறகும் குவியலை மூடி, மழைநீர் புகாமல், கசிவு வெளியேறாமல் காக்க வேண்டும். மண்ணிலுள்ள மாங்கனீஸ் ஆக்சைடுகள் குரோமியம்-3-இல் ஒரு பகுதியை மீண்டும் குரோமியம்-6 ஆக்கக்கூடும். இதற்கெல்லாம் ஆகும் செலவு பெரிது, மாத்திரைச் செலவு சிறிது. அந்த வேறுபாடு அரசுக்கும் தொழிலுக்கும் மாத்திரையை இனிப்பாகக் காட்டும். ஆனால் மாத்திரை ஒவ்வொரு பெண்ணுக்கும், அவள் கருவுற்றிருப்பது தனக்கே தெரியாத முதல் வாரங்களிலும், ஒரு நாள் தவறாமல், தலைமுறை தலைமுறையாகப் போய்ச் சேர வேண்டும். குவியலைச் சரியாகக் கட்டிவிட்டால் அந்தச் சுமை அவள் தலையில் இல்லை.

செய்த வேலை பலித்ததா என்று அறியவும் வழி இருக்கிறது. குரோமியம்-6 மட்டுமே சிவப்பணுக்களுக்குள் நுழையும், நுழைந்தபின் அந்த அணுவின் ஆயுளான நான்கு மாதம் வரை உள்ளேயே தங்கும். குரோமியம்-3 வெளியே பிளாஸ்மாவில் நின்றுவிடும். ஆகவே சிவப்பணுவில் உள்ள குரோமியத்தை அளந்தால், ஒருவர் உடலுக்குள் உண்மையில் சென்ற நச்சு வடிவத்தின் கணக்கு ஓரளவு கிடைத்துவிடும். காரை, புளியந்தாங்கல் போன்ற சுற்றுவட்டார ஊர்களில், கர்ப்ப காலப் பரிசோதனைக்கென்று எப்படியும் இரத்தம் எடுக்கப்படும் பெண்களிடம், அவர்கள் ஒப்புதலோடு இதையும் சேர்த்து அளக்கலாம். குவியலைச் சீரமைப்பதற்கு முன்பு ஒரு முறை, முடிந்து ஓராண்டு கழித்து ஒரு முறை. தரமணிக் குரங்குகள் குரோமியம் நின்ற ஆறு மாதத்தில் மீண்டன. மனிதர்களுக்கும் அப்படித்தானா என்று தெரிந்துகொள்ள முதலில் குரோமியம் நிற்க வேண்டும்.